மார்க் அனுப்பிய வாழ்த்து

தஞ்சாவூரிலிருந்து பூதலூர் வந்து சேரும்வரை மணிவண்ணன் பிரெஞ்சு பேசிக்கொண்டே வந்தான். காரில் வேறு ஆள் இல்லாததால் அந்தத் தண்டனை முழுக்க ஃபஹ்மிதாவுக்கே போய்ச் சேர்ந்தது.

எல்லாம் நேற்று ராத்திரி இறக்கிய ஆப் செய்த வேலை. பிரான்சில் ஜனங்கள் அன்றாடம் பேசுகிற பேச்சை அது ஒவ்வொன்றாகச் சொல்லும். அர்த்தத்தை இங்கிலீஷில் கொடுக்கும். அந்த இங்கிலீஷும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை, ஊர் சுற்றுகிற பையன்களின் இங்கிலீஷ். ‘தான்கியெத்’ என்றால் ‘நோ வொர்ரீஸ்’. ‘லெஸ் தோம்பே’ என்றால் ‘ட்ராப் இட்’. ‘போஃப்’ என்றால் ‘மெஹ்’. அந்த மெஹ்ஹில்தான் மணி மாட்டிக்கொண்டான்.

“மெஹ்னா என்ன மேடம், ஆட்டுக்குட்டியா?”

“பொண்ணு பாத்துட்டு வந்து உங்கம்மா எப்படின்னு கேட்டா, ‘பரவால்ல’ன்னு ஒரு இழுப்பு இழுப்பியே. அதான்.”

“ரெண்டு பஸ் மாறி ஊருக்குப் போற மாதிரி இருக்கு மேடம். பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு ஒரு பஸ். அங்கேர்ந்து தமிழுக்கு இன்னொண்ணு. ரெண்டாவது பஸ் வரவே மாட்டேங்குது.”

ஃபஹ்மிதா சிரிக்கவில்லை. வழக்கை நினைத்துக்கொண்டு ஓட்டினால் அவள் சிரிக்கமாட்டாள். கூத்தாநல்லூர்க்காரி. கல்யாணமாகி பிரான்சில் லியோன் நகரத்துப் பக்கம் வாழப் போனவள், கணவன் இறந்ததும் திரும்பிவந்து, தஞ்சாவூரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள்; மணிதான் அங்கே ஒரே உதவியாள். பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயமாகியிருந்ததா என்கிற விசாரணைதான் வரும். இன்றைக்கு வந்திருப்பது அந்த மாதிரி இல்லை. ஒரு தாய்க்குத் தன் மகன் உயிரோடிருக்கிறானா என்று தெரியவேண்டும்.

செபஸ்தியம்மாள் வாசலில் நெல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சம்பா அறுத்துக் குவித்தாயிற்று, கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைத்தபாடில்லை, மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. குவியலின் மேல் அவள் ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைக் கவிழ்த்துப் போர்த்திச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். உதவப்போன மணி ஓரத்தைத் தூக்கியபோது அடியில் மாலை போட்ட இளைஞன் ஒருவனின் பாதி முகம் தெரிந்தது. பக்கத்தில் ஈபிள் கோபுரம். ‘பிரான்ஸ் செல்லும்’ என்பதுவரை படித்தான். அதற்குள் அந்தம்மா அவன் கையிலிருந்து வாங்கி அழுத்தி மூடிவிட்டாள்.

உள்ளே மகள் லின்சி விஷயத்தைச் சொன்னாள். தஞ்சாவூரில் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது. அண்ணன் சகாயராஜ் ஆகஸ்டில் பாரிசுக்குச் சமையல் வேலைக்குப் போனான். அனுப்பியது ஏஜெண்ட் துரைக்கண்ணு. இரண்டு மாதம் போனில் பேசினான். முகம் பார்க்கலாம் என்றால் மட்டும் கேமரா சரியில்லை என்பான். அப்புறம் அந்தப் பேச்சும் நின்றது. கிறிஸ்துமசுக்கு முன்னால் மார்க் என்கிற வெள்ளைக்காரனிடமிருந்து மெசேஜ் வந்தது. எல்லாம் பிரெஞ்சு. அண்ணனும் தங்கையும் ஒரே கோச்சிங் வகுப்பில் பிரெஞ்சு படித்தவர்கள் என்பதால் லின்சிக்குப் படிக்கத் தெரிந்தது.

ஃபஹ்மிதா போனை வாங்கிப் படிக்க, லின்சி மணிக்காகத் தமிழில் சொன்னாள்.

முதல் மெசேஜில், நான் சகாயராஜின் அறைத்தோழன், அவன் போன் எண்ணெய்ச் சட்டியில் விழுந்துவிட்டது, அவனுக்கு ஓயாத வேலை, தான்கியெத். டிசம்பர் கடைசியில், உனக்கும் அம்மாவுக்கும் முன்கூட்டியே போன் அன்னே, அதாவது புத்தாண்டு வாழ்த்து. ஜனவரி நடுவில், நாளைக்குச் சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது, சார்ஜ் போட முடியாது, பதில் வராவிட்டால் பயப்படாதே. நாலு நாள் கழித்து, அம்மாவின் முட்டிக்கு உப்புப்போட்ட வெந்நீர் ஒத்தடம் கொடு, இனிமேல் மண்டி போடவேண்டாம் என்று சொல். கடைசியாகப் போன வாரம் வந்தது கொஞ்சம் கடுமை. லின்சி, நீ இங்கே வராதே. அந்த ஏஜெண்ட் சரியில்லை. லெஸ் தோம்பே.

“ட்ராப் இட்,” என்றான் மணி, தன்னை அறியாமல்.

லின்சி திங்கட்கிழமை கிளம்புகிறாள். அதே துரைக்கண்ணுதான் ஏற்பாடு. குழந்தை பார்த்துக்கொள்கிற வேலை. வேலைக்காக இல்லை, அண்ணனைத் தேடத்தான் போகிறேன் என்றாள். துரைக்கண்ணுவைக் கேட்டால் உங்கண்ணன் ஜம்மென்று இருக்கிறான் என்கிறாராம். மார்க் வராதே என்கிறான். ஏன் வரக்கூடாது? போனால் எது தெரிந்துவிடும்?

செபஸ்தியம்மாள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. மகள் படித்துக்காட்டியதைக் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு மெசேஜும் மனப்பாடம்.

“எம் புள்ளைய என்னமோ பண்ணிட்டு, அவன் நல்லாருக்கான் நல்லாருக்கான்னு வேற யாரோ எழுதுறாங்கம்மா. பெத்தவளுக்குத் தெரியாதா. அவன் உசுரோட இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க. இல்லைன்னாலும் சொல்லிடுங்க.”

மணி அக்கரைப்பேட்டைக்காரன். கடலுக்குப் போனவர்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கரையில் நின்ற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். வாய் ஓயாமல் பேசுகிற பழக்கமே அங்கிருந்து வந்ததுதான்.

ஃபஹ்மிதா செபஸ்தியம்மாளை மட்டும் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய் ஏதோ கேட்டாள். ஜன்னல் வழியே மணி பார்த்தான். அந்தம்மா முதலில் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் புடவையை முட்டிவரை தூக்கிக் காட்டினாள். ஃபஹ்மிதா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

கிளம்பும்போது, நாளைக்குக் காலையில் அம்மாவும் லின்சியும் எங்களோடு வரவேண்டும், வேளாங்கண்ணிக்கு என்றாள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வேளாங்கண்ணிக்கும் காரணம் கேட்டுக்கொண்டு போகிற குடும்பம் இல்லை அது.

காரில் ஏறியதும் மணி பொரிந்து தள்ளினான். ஆள் இருப்பது பாரிசில், நாம் போவது வேளாங்கண்ணிக்கு. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுகிற வேலையும் நம் ஆபீசில் சேர்த்தாயிற்றா என்று கேட்டான்.

“மார்க் எழுதின பிரெஞ்சு எப்படி இருந்துச்சு?” என்றாள் ஃபஹ்மிதா.

“என்னைக் கேட்டா? என் ஆப்புல இருக்கிற மாதிரியே இருந்துச்சு.”

“அதேதான். ஒரு தப்பு கிடையாது. வெள்ளைக்காரப் பசங்க எப்படிப் பேசுவாங்களோ அப்படியே இருக்கு. பிரெஞ்சு ஒழுங்கா இருக்கு மணி, ஆளுதான் ஒழுங்கா இல்ல.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அவள் தன் கதையைச் சொன்னாள். லியோனுக்குப் போன முதல் வருஷம், டிசம்பர் கடைசியில், கீழ்வீட்டுக் கிழவியைப் படிக்கட்டில் பார்த்து ‘போன் அன்னே’ என்று வாய்நிறையச் சொன்னாளாம். கிழவி முகம் கடுத்துப்போய், கெட்டது அண்டாமலிருக்க அவசரமாகக் கைப்பிடி மரத்தைத் தொட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி கணவன்தான் விளக்கினான். வருஷம் பிறப்பதற்கு முன்னால் அந்த வாழ்த்தைச் சொன்னால் ஆகாது, தரித்திரம் என்று அங்கே ஒரு நம்பிக்கை. பிறந்த பிறகு ஜனவரி முழுக்கச் சொல்லலாம், யாரும் தாமதம் என்று நினைக்கமாட்டார்கள். முந்திக்கொண்டு சொல்வதுதான் குற்றம்.

மணி வாயைப் பிளந்தான். “நம்மாளுங்க அட்வான்ஸ் இல்லாம எதையும் சொல்லமாட்டாங்களே மேடம். அட்வான்ஸ் ஹேப்பி நியூ இயர், அட்வான்ஸ் பொங்கல், அட்வான்ஸ் பர்த்டே. எங்க மாமா அட்வான்ஸ் கல்யாண நாளே சொல்லுவாரு.”

“நான் பண்ணின அதே தப்பை மார்க்கும் பண்ணியிருக்கான். அங்க பொறந்து வளர்ந்தவனுக்கு அது கைல வராது.”

“நம்பர் பிரான்ஸ் நம்பராச்சே?”

“நம்பரை நெட்ல வாங்கிக்கலாம். பழக்கத்தை எங்க வாங்குறது?”

மணி விடவில்லை. பிரான்சில் இருக்கிற தமிழன் யாராவது மார்க் என்று பேர் வைத்துக்கொண்டு எழுதலாமே என்றான். நியாயமான கேள்விதான் என்று ஃபஹ்மிதாவும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டுவிட்டுக் கேட்டாள், நாளைக்குச் சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது என்று முதல் நாளே அமைதியாகச் சொல்கிறானே, அது எந்த ஊர்ப் பேச்சு?

மணி தலையில் அடித்துக்கொண்டான். மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரின் மூலையில் தினமும் வருகிற ‘நாளை மின்தடை’. அந்தத் தேதியின் பேப்பரைப் போனில் தேடிப் பார்த்தான். டெல்டாவில் அன்றைக்கு மின்தடை என்று போட்டிருந்த ஊர்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று வேளாங்கண்ணி.

“மத்த ஊருங்களை விட்டுட்டு இதை மட்டும் எப்படி மேடம்?”

“அதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. நாளைக்குச் சொல்றேன்.”

ரயில் தடதடவென்று கடந்து போனது. மணிக்கு அப்போதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. மார்க் என்பவன் பாரிசில் இல்லை, பக்கத்தில் இருக்கிறான். சகாயராஜைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, அவன் நல்லா இருக்கிறான் என்று எழுதுகிறான். அப்படியானால் சகாயராஜ் எங்கே? கேட்டான். ஃபஹ்மிதா வண்டியைக் கிளப்பினாள். வீடு போய்ச் சேரும்வரை மணி ஆப்பைத் திறக்கவில்லை.

மறுநாள் வேளாங்கண்ணியில் வெயில் சுள்ளென்று இருந்தது. கோயிலிலிருந்து மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் நாலைந்து பேர் முழங்காலால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருபுறமும் மெழுகுவர்த்திக் கடைகள், மீன் வறுவல் வாசனை. செபஸ்தியம்மாள் பாதையைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் புடவையை ஒதுக்கி மண்டியிட்டாள். லின்சி தடுக்கப்போனாள். ஃபஹ்மிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா. நீ மார்க்குக்கு ஒரு மெசேஜ் போடு. அம்மா வேளாங்கண்ணி மணல்ல மறுபடியும் மண்டி போட்டுப் போறாங்க, சொன்னாக் கேக்க மாட்டேங்குறாங்கன்னு. பிரெஞ்சுலயே போடு.”

“மறுபடியுமா?” என்றாள் லின்சி. புரியாமலே போட்டாள்.

மணியை ஒரு மெழுகுவர்த்திக் கடைக்குப் பின்னால் நிறுத்தினாள் ஃபஹ்மிதா. வேகமாக ஒருத்தன் வருவான், விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னாள். ஒரு தாயைத் தூண்டிலில் கோத்து ஒரு கொலைகாரனைப் பிடிக்கப் பார்க்கிறாளே என்று மணிக்கு உள்ளுக்குள் கோபம்கூட வந்தது. அந்தம்மா முட்டி முட்டியாக நகர்ந்தாள். ஒவ்வொரு நகர்வுக்கும் உதடு அசைந்தது.

அனுப்பிய மெசேஜ் படிக்கப்பட்டதாக நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் லாட்ஜுகளுக்குப் பின்னால் இருக்கிற சந்திலிருந்து ஒருவன் ஓடிவந்தான். தாடி, தலையில் சமையல்கட்டுத் துண்டு, எண்ணெய்க் கறை படிந்த பனியன். கையில் தண்ணீர் சொட்டுகிற சாக்கு. மெழுகுவர்த்திக் கடைவரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அந்தம்மாவைப் பார்த்தான். ஓர் அடி வைத்தான், காலைப் பின்னுக்கு இழுத்தான். அதற்குள் மணி பாய்ந்து அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்தான்.

“போன்ஜூர் மார்க். சகாயராஜ் எங்கடா?”

அவன் திமிறவில்லை. சாக்கைக் கீழே போடவும் இல்லை. பின்னாலிருந்து லின்சியின் குரல் வந்தது, காற்றுப்போன மாதிரி.

“அண்ணே.”

மணியின் பிடி தானாக நழுவியது. ஃபஹ்மிதாவைப் பார்த்தான்.

“முட்டி எப்படிப் புண்ணாச்சுன்னு அந்தம்மா யார்கிட்டயும் உண்மையச் சொல்லல மணி,” என்றாள் அவள். “ஜனவரியில தனியா பஸ் ஏறி வந்து இந்த மணல்ல மண்டி போட்டிருக்காங்க. லின்சி திட்டுவாளேன்னு வரப்புல வழுக்கிட்டேன்னு சொல்லிட்டாங்க. இங்க நின்னு பாத்தவனுக்கு மட்டும்தான் இனிமே மண்டி போடாதீங்கன்னு எழுதத் தோணும். பாத்தவன் யாரா வேணா இருக்கலாம். வெந்நீர் ஒத்தடம் சொல்றவன் யாரா வேணா இருக்க முடியாது.”

சகாயராஜ் மணலைப் பார்த்துக்கொண்டே பேசினான். துரைக்கண்ணு அவனைக் கூட்டிப்போனது மும்பைவரைதான். ஓர் அறையில் உட்காரவைத்து, விசா இதோ வருகிறது அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பாரிசிலிருந்து பேசுவதாகச் சொல்லச் சொன்னதும் அவர்கள்தான். இரண்டு மாதம் கழித்து அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிச்சை எடுக்காத குறையாக ரயிலேறி வந்தான். பூதலூர் ஸ்டேஷனில் இறங்கினான். ரயில்வே கேட் பக்கத்தில் அவன் பேனர் அப்போதும் நின்றிருந்தது. மாலை, கோபுரம், ‘பிரான்ஸ் செல்லும் எங்கள் ஊர்ச் சிங்கமே’. அதற்குக் கீழே நடந்து போகக் கால் வரவில்லை. அடுத்த வண்டியிலேயே ஏறி இங்கே வந்து ஒரு மெஸ்ஸில் மீன் வறுக்கிறான்.

“நானே பேசுனா அழுதுருவேன். தமிழ்ல எழுதுனா அம்மா கண்டுபுடிச்சிரும். பிரெஞ்சுல எழுதுனா அது நான் இல்லைங்க, வேற ஆளு. பொய் சொல்றது கஷ்டமாவே இருக்காது. லின்சி கெளம்புறான்னதும்தான் என்ன பண்றதுன்னு தெரியாமப் போச்சு.”

ஊர் மெச்ச வழியனுப்பப்பட்டவன் ஊர் பார்க்கத் திரும்பிவருவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று மணிக்குத் தெரியும். அவன் சொந்தத்திலேயே துபாய் போய்த் திரும்பி, முகம் காட்டாமல் திருப்பூரில் கிடக்கிறவன் உண்டு. பனியனைப் பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தன் தலையைத் தடவிக்கொண்டான்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்க,” என்றான் சகாயராஜ். “இந்தக் கோலத்துல பாக்க வேணாம். உசுரோட இருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க. உங்க கால்ல விழுறேன்.”

ஆனால் பாதை அவர்கள் நின்ற இடத்தின் வழியாகத்தான் போகிறது. அவர்கள் பேசியதெல்லாம் காதில் விழ, செபஸ்தியம்மாள் நகர்ந்து நகர்ந்து அங்கே வந்துவிட்டிருந்தாள். மணலில் தெரிந்த கால்களைப் பார்த்தாள். சுடுமணலில் முட்டிக்கு அடியில் போடக் கொண்டுவந்த ஈரச் சாக்கைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் தலை தூக்கித் தாடிவைத்த முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கணம் எல்லாம் உடைந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் அவள் கவனித்தாள். அறிமுகமில்லாத ஆளிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

“மார்க்குத் தம்பிதானே?”

அவளே தொடர்ந்தாள்.

“ஒனக்குத் தமிழ் புரியுமாய்யா? புரியும்னுதான் நெனைக்கிறேன். எம் மவன் ஒங்கூட ரூம்புல இருக்கான்ல. அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரயில்வே கேட்டுல இருந்த பேனரை நாந்தான் கழட்டிட்டு வந்தேன்னு சொல்லு. இப்ப வீட்டு வாசல்ல நெல்லு மேல கெடக்கு, மூஞ்சி கீழ பாத்து. மழைக்குச் சொட்டுத் தண்ணி உள்ள எறங்கல. யாரு கண்ணுலயும் படாது. வீட்டுக்கு வரச் சொல்லு.”

சகாயராஜின் கையிலிருந்து சாக்கு மணலில் விழுந்தது. அவனும் அதன் மேலேயே மண்டியிட்டு விழுந்தான்.

“சொல்றேங்க.”

“மறக்காமச் சொல்லு,” என்றாள் செபஸ்தியம்மாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவன் தலைத்துண்டை அவிழ்த்துத் தன் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். லின்சி இருவரையும் கட்டிக்கொண்டாள்.

ஃபஹ்மிதா தள்ளிப்போய் நின்று போனை எடுத்தாள். நாகப்பட்டினத்தில் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் துரைக்கண்ணுவின் பேரைச் சொல்லி, திங்கட்கிழமை அவன் இன்னும் யார் யாரை அனுப்புகிறான் என்று பார்க்கச் சொன்னாள். மணிவண்ணன் பக்கத்தில் போய் நின்றான். ஏதாவது கேலியாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தான். பிரெஞ்சிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை.

பின்னால் செபஸ்தியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குளம் இருக்கிற திசையைப் பார்த்தாள். தூக்கிவிட வந்த மகனின் கையைத் தட்டிவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“பாதி தூரம் பாக்கி இருக்கு. கூட வா.”